குதிரையை இறக்குவது

மகனுக்குப் போன மாதம் 21 வயது முடிந்தது. இந்த நாட்டில் கடைக்குப் போய்க் கைத்துப்பாக்கி வாங்க அதுதான் வயது. கேக் வெட்டிய இரண்டாம் நாள், ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டான்: "அப்பா, பழைய மிலிட்டரி பிஸ்டல் ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். விலை கம்மின்னு சொல்றாங்க. நீங்களும் முதல்ல அதுதான வாங்கினீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

வாங்கினேன்தான். 2009இல். பொங்கல் விழாவுக்குப் போய்விட்டு இரவு வீட்டுக்கு வந்தால் பின்கதவு பெயர்ந்து கிடந்தது. லேப்டாப்பும் மனைவியின் இரண்டு வளையல்களும் போயிருந்தன. வந்த போலீஸ்காரர் மரியாதையாகப் பேசி, ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பொருள் போனது பெரிதில்லை. மகனின் படுக்கையில் ஒரு பூட்ஸ் தடம் இருந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை. கிரீன் கார்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எச்1பி விசாவில் இருந்தவரை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர்த்து, துப்பாக்கி வாங்கவே முடியாது. இப்போது முடியும். ஆனால் அந்த வருடம் அலுவலகத்தில் வாரத்துக்கு ஒருவர் அட்டைப்பெட்டியோடு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஐந்நூறு டாலருக்குப் புதுத் துப்பாக்கி வாங்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

நான் பார்த்த நிஜத் துப்பாக்கி அதுவரை ஒன்றே ஒன்று. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் கொக்கு சுட வருகிறவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி. அதன் பின்பக்கம் சுத்தியல் மாதிரி அடிக்கும் பாகத்துக்குக் குதிரை என்று பெயர். நல்ல பெயர். ஏற்றி வைத்துவிட்டால் எப்போது துள்ளும் என்று சொல்ல முடியாது. அந்தக் குதிரைதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

பனிப்போர் முடிந்த பிறகு கிழக்கு ஐரோப்பாவின் ராணுவக் கிடங்குகள் காலியாகத் தொடங்கின. செக் குடியரசு, போலந்து போன்றவை 1999இல் நேட்டோவில் சேர்ந்தன. வார்சா ஒப்பந்தக் காலத்து ரவைகளுக்கென்று செய்த பிஸ்டல்கள் அவர்களுக்கு வேண்டாதவை ஆயின. அவை கப்பலேறி இங்கே வந்து, கடைக் கண்ணாடிப் பெட்டியின் கடைசித் தட்டில் கிடந்தன. யாரோ ஒரு சிப்பாயின் இடுப்பில் இருபது வருடம் தேய்ந்தவை. அதிகம் சுடப்பட்டிருக்காது. உறையிலிருந்து எடுத்து உறையில் வைத்துத்தான் தேய்ந்திருக்கும்.

இரவெல்லாம் உட்கார்ந்து படித்தேன். ரஷ்ய நாகான் ரிவால்வர் மிக மலிவு. ஏழு ரவை. ஆனால் விசையை இழுக்க மாட்டு வண்டி பூட்ட வேண்டும் போலிருந்தது. டோகரேவ் அழகாக இருந்தது. அதன் மூல வடிவத்தில் சேஃப்டி பொத்தானே கிடையாது. இங்கே இறக்குமதி செய்வதற்காகப் பின்னால் ஒன்றை ஒட்டவைத்திருப்பார்கள். அதற்குக் கிடைத்த பழைய ராணுவ ரவைகளில் பலவும் சுட்டபின் குழலுக்குள் உப்பு மாதிரி ஒன்றை விட்டுப்போகும். அது ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் துரு. மகரோவ்தான் எல்லோரும் சொன்னது. 1951இல் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்டது, எட்டு ரவை, பாகங்கள் குறைவு, எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் அதன் சேஃப்டி இடது பக்கத்தில், வலதுகைக்காரனின் கட்டைவிரலுக்காக இருக்கிறது.

நான் இடதுகைக்காரன். "பீச்சாங்கையால எழுதாதடா" என்று மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஸ்கேலால் அடித்தே எழுதுவதை மட்டும் வலதுக்கு மாற்றினார். மற்ற எல்லாமே இன்னும் இடதுதான்.

அப்படித்தான் சீஇசட் 82 கண்ணில் பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் ராணுவப் பிஸ்டல். உஹெர்ஸ்கி பிராட் என்ற மொராவிய ஊரின் தொழிற்சாலையில் செய்தது. பன்னிரண்டு ரவை. சேஃப்டியும் மேகசினை விடுவிக்கும் பொத்தானும் இரண்டு பக்கமும் இருந்தன. இடதுகைக்காரனை நினைத்து ஒரு கம்யூனிஸ்ட் அரசாங்கம் பொருள் செய்திருக்கிறது! என் வாத்தியார் செய்யாத காரியம். விலை இருநூறு டாலரை ஒட்டி. படிவத்தை நிரப்பினேன், கடைக்காரர் போனில் சரிபார்த்தார், அரை மணி நேரத்தில் கையில் இருந்தது. பக்கவாட்டில் 86 என்று ஆண்டு பொறித்திருந்தது. 1989 நவம்பரில் பிராகில் மாணவர்கள் தெருவில் இறங்கி அடிவாங்கியபோது இது யார் இடுப்பில் இருந்ததோ. அதைச் செய்யச் சொன்ன நாடே 1993 பிறந்த அன்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிஸ்டல் மட்டும் ஒஹாயோவில், என் மடியில்.

இருநூறு டாலர் என்பது ஆரம்பம்தான். பழைய ஸ்ப்ரிங்குகளை மாற்றினேன். பூட்டுப்பெட்டி, காதடைப்பான், ஒருநாள் வகுப்பு. ரவை தனிக் கதை. இதற்கான ஒன்பது மில்லிமீட்டர் ரவை வேறு, ஊரெல்லாம் கிடைக்கும் ஒன்பது மில்லிமீட்டர் வேறு. இதன் கூடு நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவு, குண்டு கொஞ்சம் தடிமன். ஒன்றில் மற்றதைப் போடக் கூடாது. அந்தக் காலத்தில் ரஷ்ய ரவை மலிவாக வந்துகொண்டிருந்தது. 2021இல் அதற்குத் தடை வந்தபின் அந்த வழியும் அடைபட்டது. முதல் வருடம் முடிவதற்குள் புதுத் துப்பாக்கியின் விலை போய்விட்டது.

இதெல்லாம் பணம். பணம் போனால் போகட்டும்.

சுடும் இடத்தில் ஒரு பெரியவர் பழக்கமானார். முன்னாள் கடற்படைக்காரர். என் பிஸ்டலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதை எப்படிச் சுடுவது என்று தெரிந்துகொண்டாய். எப்படி அடக்குவது?" புரியவில்லை. விளக்கினார். மகரோவில் ரவை ஏறி குதிரை நிமிர்ந்து நிற்கும்போது சேஃப்டியை மேலே தள்ளினால் குதிரை தானாக, ஆபத்தில்லாமல் இறங்கிவிடும். சீஇசட் 82இல் அந்த வசதி இல்லை. குதிரையை நிமிர்த்தியபடியே சேஃப்டி போட்டு வைக்கலாம். இல்லையென்றால், கட்டைவிரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டு, ரவை உள்ளே இருக்க, விசையை அழுத்தித்தான் இறக்க வேண்டும். "சர்க்கஸ் பண்ணாதே. உள்ளே ரவை இல்லாமல் வை. என்ன செய்தாலும் குழல்வாய் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்" என்றார். சீஇசட் 52 என்று இதற்கு ஒரு அண்ணன் உண்டு. அதில் இறக்கும் வசதி இருக்கிறது, ஆனால் தேய்ந்த பிஸ்டலில் அதை நம்பி அழுத்தினால் சுட்டே விடலாம் என்றும் சொன்னார்.

நான் கேட்கவில்லை. திருடன் வந்தால் ரவை ஏற்ற நேரம் இருக்காது என்று எவனோ சொன்னதை நம்பினேன். ஒவ்வொரு இரவும் ரவை ஏற்றி, குதிரையைக் கட்டைவிரலால் இறக்கி, பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஜூலை இரவு விரலில் வியர்வை. குதிரை வழுக்கியது.

அறைக்குள் அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. காது அடைத்துப்போயிற்று. வலது பக்கச் சுவரில் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஓட்டை. அந்தப் பக்கம் சாமான் அறை. ஓடிப் போய்ப் பார்த்தால், இருபது பவுண்ட் பொன்னி அரிசிப் பையின் வயிற்றிலிருந்து அரிசி கொட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டுவது தெரிந்தது, கேட்கவில்லை. ரவை அரிசிக்குள்ளேயே நின்றிருந்தது. இரண்டு சுவர்ப்பலகையைத் துளைத்தும் அதற்குப் பலம் மிச்சமிருந்தது.

மகன் எழுந்து அழுதான். மனைவி அவனைத் தூக்கித் தட்டிக்கொடுத்தாள். "ஒண்ணுமில்ல கண்ணா, குக்கர் வெடிச்சிருச்சு." அவனைத் தூங்கவைத்துவிட்டு வந்தாள். திட்டவில்லை. துடைப்பத்தை எடுத்து அரிசியைக் கூட்டினாள். கூட்டி முடித்தபின், "நாளைக்கு அந்தப் பெட்டிச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். இன்றுவரை அவளிடம்தான் இருக்கிறது. சுடும் இடத்துக்குப் போகும் நாளில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அன்று ஏன் வலது பக்கம் திரும்பி நின்றேன்? பெரியவர் சொன்னது மனதில் இருந்ததா, கட்டில் கிடந்த வாக்கா, எனக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அதை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

மகனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இன்று அதே பிஸ்டல் பழைய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதனால் மலிவு என்ற காரணமே பாதி போய்விட்டது என்றேன். ஸ்ப்ரிங், ரவை, துரு, எல்லாம். எதை வாங்கினாலும் குதிரை எப்படி இறங்குகிறது என்று முதலில் பார், நீ வலதுகைக்காரன், மகரோவ் உனக்குப் போதும் என்றேன். "ஓகேப்பா" என்று தலையாட்டினான். சனிக்கிழமை சுடும் இடத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

கிளம்பும்போது மனைவி சாவியைக் கொடுத்துவிட்டு, கையை எடுக்காமல் கேட்டாள்: "அரிசிக் கதையச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லிட்டு உள்ள போங்க."

காரில் சொன்னேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை.

"குக்கர் வெடிச்சிருச்சுன்னு அம்மா சொன்னாங்களே, அதுவா?"

"அதுதான்."

இரண்டு சிக்னல் தாண்டியது.

"நீங்க எந்தப் பக்கம் பாத்து நின்னீங்க?"

"வலது பக்கம்."

அவன் அறை இடது பக்கம் இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.