ஒரே ஆய்வுக்கூடத்து இரண்டு மாத்திரைகள்

முடக்குவாதச் சீட்டு மேசைக்கு வந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிடுவேன். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மருந்தாளராக நின்ற காலம் முழுக்க இதே பழக்கம்தான். அந்தச் சீட்டில் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும். எங்கள் கடைக்கு வருபவற்றில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒன்று, செல்கள் பெருகத் தேவையான வைட்டமின். மற்றது, அந்த வைட்டமினின் வேலையையே தடுப்பது. வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை ஒருவர் தினமும் விழுங்கிவிட்டால், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்க முடியாமல் திணறும். உயிரே போகலாம்.

இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தின் உழைப்பிலிருந்து வந்தவை. நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி நிறுவனம் அது. ஆராய்ச்சி இயக்குநர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

1895-இல் பீமவரத்தில் பிறந்தார். ஸ்ப்ரூ என்ற குடல்நோய் உடன்பிறந்தவர்களைக் கொண்டுபோனது. அவரையும் அது பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆச்சண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்ஸுக்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடுதான் கல்லூரியை விட்டு வெளியே வர முடிந்தது. பிறகு பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அங்கே மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவி வயிற்றைக் கழுவிக்கொண்டே படித்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யையும் அந்த இருவரும் 1929-இல் பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் ஹார்வர்டு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. 1940-இல் லெடர்லிக்குப் போனார்.

ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார் என்று இதைச் சிலர் ஓர் இறக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாளாக அவர் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஆட்களையும் கருவிகளையும் கல்லீரல் சாற்றையும் அந்தப் பதவிதான் அவருக்குக் கொடுத்தது. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததை அறிவித்த கட்டுரையில் அவர் பெயர் நீண்ட பெயர் வரிசையின் நடுவே ஒன்றாக இருக்கும். அது 1945. தன் வீட்டாரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கே அந்த வைட்டமின் மருந்தானது. மலேசியாவில் 2004 முதல் யானைக்கால் நோய் ஒழிப்புக்காக ஊர் ஊராகக் கொடுக்கப்பட்ட டீ.ஈ.சி. மாத்திரையும் அவருடைய குழுவின் கண்டுபிடிப்புதான்.

பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாகக் கண்டார். அப்படியானால் அதன் எதிரியைக் கொடுத்தால்? சுப்பாராவின் வேதியியலாளர்கள் வைட்டமினின் மூலக்கூறில் சிறு மாற்றம் செய்து அமினோப்டெரினை உருவாக்கிக் கொடுத்தார்கள். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் அந்த முடிவு வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. அமினோப்டெரினின் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட். அதைக் குறைந்த அளவில், வாரம் ஒருமுறை, முடக்குவாதத்துக்குக் கொடுக்க அமெரிக்கா 1988-இல் அனுமதித்தது.

அந்த "வாரம் ஒருமுறை" என்பதை நோயாளியின் மனத்தில் பதிய வைப்பதுதான் என் வேலை. அச்சிட்ட லேபிள் மலாயில் 'செமிங்கு செகாலி' என்று சொல்லும். தோட்டத்தில் வளர்ந்த பல மூத்தவர்களுக்கு அது மட்டும் போதாது. எனவே முதலில் கிழமையைக் கேட்பேன்.

"அம்மா, எந்தக் கிழமை விரதம் இருப்பீங்க?"

"வெள்ளிக்கிழமை தம்பி. ஸ்காட் ரோடு கோயிலுக்குப் போவேன்."

"அப்ப அது வேணாம். திங்கக்கிழமை வச்சுக்கலாமா? அன்னைக்கு மட்டும்."

பையின் மேல் 'திங்கள் மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதுவேன். ஃபோலிக் அமிலம் வேறு பையில், மருத்துவர் குறித்த நாளோடு. பிறகு அவர்களையே திரும்பச் சொல்லச் சொல்வேன். வீட்டில் மாத்திரைப் பெட்டியை நிரப்புவது மகளா மருமகளா என்று கேட்டு, முடிந்தால் அவரையும் தொலைபேசியில் பிடித்துவிடுவேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நிற்கட்டும்.

வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போன தடம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். இன்னொன்றும் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்காகப் பக்கத்து கிளினிக்கில் கோட்ரைமொக்சசோல் கொடுக்கலாம். அதுவும் ஃபோலேட்டின் பாதையில் குறுக்கே நிற்கும் மருந்து. இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை தாங்காது. அதனால் மெத்தோட்ரெக்சேட் என்ற பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடையாள அட்டையோடு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்ட வேண்டும்.