உப்புப் படிந்த கருவி

சென்ற விடுமுறையின் இறுதியில் நண்பரொருவர் நீண்ட கறுப்புப் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு பேராதனையிலுள்ள எமது ஆய்வுகூடத்துக்கு வந்தார். திருகோணமலைக் கடற்கரையில், உரிய அனுமதியோடு நடைபெற்ற மாணவர் பயிற்சியொன்றிற் பயன்படுத்தப்பட்ட உலோகம் காண் கருவி அதனுள் இருந்தது. பயிற்சி முடிந்த அன்று துடைக்காமலே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். பின்னர் கண்டி மழையில் மூன்று வாரம் மூடிக் கிடந்திருக்கிறது. "இப்போது ஓயாமற் கத்துகிறது, இனி உதவாதோ?" என்று கேட்டார். பெட்டியைத் திறந்தேன். உப்பும் பூஞ்சணமும் கலந்த அந்த வாடை, அந்தானை மலையடிவாரத்தில் நின்ற என்னை வடமராட்சி கிழக்கின் மணற்பரப்புக்குக் கொண்டுபோய் விட்டது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில், அக்கரையிலே கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றின் களஞ்சியத்தில் எட்டு மாதம் வேலை செய்தேன். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசெம்பரிலேயே. ஆயினும் மனிதநேய அடிப்படையிலான அகற்றற்பணி 2002ஆம் ஆண்டிலிருந்தே வடக்கில் நடைபெற்று வந்தது. நான் வெடிநிலத்துக்குள் இறங்கியவனல்லன். பிற்பகலில் திரும்பி வரும் கருவிகளைக் கழுவித் துடைத்து, மறுநாட் காலை ஒப்படைப்பதே என் தொழில். அவற்றைக் கொண்டு நிலத்தைத் துழாவியோரிற் பலர் பெண்கள். போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தாமே தாங்கியோரும் அவர்களுள் இருந்தனர். அவர்களின் குழுத் தலைவியை நான் அக்கா என்றே அழைப்பேன்.

இக்கருவியின் தத்துவம் பழையது. 1881இல் அமெரிக்க சனாதிபதி கார்பீல்டின் உடலிற் புதைந்த குண்டைத் தேட, தொலைபேசியால் அறியப்பட்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதன் மூதாதையொன்றைப் பயன்படுத்தினார். படுக்கையிலிருந்த உருக்குக் கம்பிகளும் குழப்பம் விளைவித்தமையால் தேடல் பயன் தரவில்லை. போலந்து நாட்டவரான கொசாக்கி வடிவமைத்த கருவி 1942இல் எல் அலமெய்ன் பாலைநிலத்திற் படைகளுக்கு வழி திறந்தது. சுருளிற் பாயும் மாறும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்க, அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்திற் சுழி மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்விளைவைக் கருவி ஒலியாக்குகிறது. ஆனால் உப்புநீரும் மின்னைக் கடத்துவது. ஈரமான கடல்மணலும் பேசத் தொடங்கிவிடும். புல்மோட்டையிற் போலக் கறுப்பு இல்மனைற்று மணல் கலந்திருந்தால் தொல்லை இன்னும் கூடும். பிளாஸ்டிக் உடலுடைய மிதிவெடியிலோ உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். இவ்வளவு இரைச்சலுக்குள் அந்த மெல்லிய குரலைக் கேட்டாக வேண்டும்.

கழுவுதல் எளிய வேலைபோலத் தோன்றும். அங்கே நல்ல நீர்தான் அருமை. கிணற்றில் ஊறுவது சவர். சவர்நீராற் கழுவினால் உப்பின்மேல் உப்பு ஏறும். பவுசரில் வரும் குடிநீரில் ஒரு வாளிதான் எனக்குக் கிடைக்கும். சுருளின் அடிமூடியைக் கழற்றி, இடையிற் சிக்கிய மணலை முதலில் உதறி, பிறகு அளவாக நீர் வார்ப்பேன். நீட்டி மடக்கும் தண்டின் பூட்டுகளை மென்மையான பிறஷினால் தட்டுவேன். அதற்கு எண்ணெய் பூசலாகாது. பூசினால் மறுநாள் மணல் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். மின்னணுப் பெட்டிக்கு நீர் வார்ப்பதில்லை. பிழிந்த ஈரத்துணியினால் துடைப்பதோடு சரி. பற்றரியைக் கழற்றிவிட்டு, நிழலில் உலர்த்துவேன். எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது கம்பி இணைப்பின் செம்பு முனைகளில். அங்கே ஒரு துளி உப்பு தங்கினாலும் பச்சை பூக்கும்.

வல்லிபுர ஆழ்வார் கோயிற் கடற்றீர்த்தத்துக்குப் போகும் அவசரத்தில், ஒருநாள் ஒரு கருவியின் இணைப்பைத் துடைக்காமல் விட்டுவிட்டேன். களத்துக்குள் இறங்குமுன் ஒவ்வொரு கருவியையும் சோதனைத் துண்டின்மேற் பிடித்துப் பார்ப்பது வழக்கம். மறுநாட் காலை அந்தக் கருவி ஒருமுறை ஒலித்தது, மறுமுறை ஒலிக்கவில்லை. அக்கா அதைக் கீழே வைத்தார். ஏசுவாரென்று நின்றேன். அவரோ என்னிடமே கருவியைத் தந்து பத்துத் தரம் வீசச் சொன்னார். ஏழு தரம் ஒலித்தது.

"கத்துற மிசினுக்கு நான் பயப்பிடேல்லைத் தம்பி, கத்தாத மிசினுக்குத்தான் பயம். மூண்டு தரம் சத்தமில்லை. அந்த மூண்டு தரத்துக்குள்ளை நான் எவ்வளவு தூரம் போயிருப்பன், சொல்லு பாப்பம்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா வேறொரு கருவியை எடுத்துச் சோதித்து, முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெடிநிலத்துக்குள் நடந்தார். அன்று அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேராதனை ஆய்வுகூடத்திலே நீருக்குப் பஞ்சமில்லை. சுருளின் மூடிக்குள்ளிருந்து ஒரு கைப்பிடித் திருகோணமலை மணல் விழுந்தது. குழாயைத் திறந்து தாராளமாகவே கழுவினேன். (மகாவலி கடலிற் கலப்பதும் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிலேயே, மணல் என்றாவது ஊர் போய்ச் சேரட்டும்.) பற்றரி கசிந்து அதன் முனைகளில் வெண்பொருள் படிந்திருந்தது, அது காரம் ஆதலால், வினாகிரி தொட்ட பஞ்சினால் ஒற்றி, பின் ஈரத்துணியினால் துடைத்தேன். இணைப்பிற் பச்சை பூத்திருந்தது. அதனைச் சுரண்டாமல் மெல்லத் தேய்த்தெடுக்க அரை நாளாயிற்று. கண்டி மழையில் உலர்த்துவதுதான் பெரும்பாடு. நீலச் சிலிக்கா மணிகளோடு பெட்டியில் மூடிவைத்தேன். மறுநாளே அவை ஈரமுறிஞ்சி இளஞ்சிவப்பாயின. இரண்டு முறை மாற்றிய பின்னரே நீலம் நீலமாக நின்றது.

நான்காம் நாள் நண்பர் வந்தார். மேசையில் ஒரு சிறு ஆணியை வைத்து, உதவிக்கு நின்ற மாணவியிடம் கருவியைக் கொடுத்தேன். பத்துத் தரம் வீசினார். பத்துத் தரமும் ஒலித்தது. நண்பர் மகிழ்ச்சியோடு பெட்டியை எடுத்தார்.

"சற்றுப் பொறுங்கள், இன்னும் பத்துத் தரம் பார்க்கட்டும்" என்றேன்.