பெட்டியில் 550, திரையில் 190

மே 10, 2025, சனி
கரவனெல்ல

எஸ்.எஸ்.டி வந்த பெட்டியின் மேல் விநாடிக்கு 550 மெகாபைட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அக்கா மகன் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கை இறக்கி ஓட்டிப் பார்த்தான். 190-ஐச் சுற்றியே நின்றது. "மாமா, கடைக்காரரு ஏமாத்திட்டாரு, திருப்பிக் குடுத்துருவோம்" என்று குதிக்கிறான். திங்களும் செவ்வாயும் வெசாக் விடுமுறை. புதனுக்கு முன் அவிசாவளையில் கடை திறக்காது என்பதால் அவனை உட்காரவைக்க முடிந்தது.

கம்பியூட்டர் ஏதோ ஒரு கந்தோரிலிருந்து கழித்துவிட்ட பழசு. 2011 காலத்து மதர்போர்ட். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்கு ஏறிய பிறகு, புதுசு வாங்கும் பேச்சு எங்கள் பக்கத்து வீடுகளில் நின்றுபோனது. பழைய பெட்டிக்குள் புது டிஸ்க் போட்டு ஓட்டுகிறவர்களே இங்கு அதிகம். பொருத்தமில்லாத ஜோடி என்று முதலிலேயே தோன்றியது.

மே 11, ஞாயிறு

காலையிலிருந்தே மழை, ரப்பர்ப் பால் வெட்டு இல்லை. பையன் சோதனைத் திரையின் முதல் வரியை மட்டும்தான் பார்க்கிறான். அது பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். வின்டோஸ் எழும்புவதும் வேர்ட் திறப்பதும் கடைசி வரியைப் பொறுத்தவை: அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் 4 கிலோபைட் துண்டுகளைப் படிப்பது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இது விநாடிக்கு ஒரு மெகாபைட்டைத் தொட்டாலே பெரிய விஷயம். இதில் இருபதைத் தாண்டுகிறது. வினாத்தாள் தட்டச்சு செய்கிற எனக்கு அதுவே போதும். ஆனாலும் 190 ஏன் என்று தெரியாமல் விட மனமில்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஒரு வரி: சாட்டா 300, கோடு, சாட்டா 600. முன்னது இப்போது ஓடும் முறை, பின்னது டிஸ்க்கால் முடிந்த முறை. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மீதியைத் தேடுவதற்குள் இடி முழங்கத் தொடங்கியது. சப்ரகமுவ இடிக்குப் பயந்து எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டேன்.

மே 12, திங்கள், வெசாக்

சந்தியில் தன்சல், வெசாக்குக்கு இலவசச் சாப்பாடு. பையன் அங்கே போன நேரத்தில் பயோஸைத் திறந்தேன். டிஸ்க் முறை ஐ.டி.ஈ என்று இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்காக யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போனது. அதை ஏ.எச்.சி.ஐ ஆக்கினால் 32 கட்டளைகள் வரை டிஸ்க்கிடம் வரிசையாகக் கொடுத்துவைக்கலாம்; எதை முதலில் முடிப்பது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். சட்டென்று மாற்றினால் நீலத்திரைதான் வரும். முதலில் வின்டோஸிடம் அடுத்த முறை சேஃப் மோடில் எழும்பச் சொல்லிவிட்டு, பிறகு பயோஸில் மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் எழுப்பி, அப்புறம் சாதாரணமாக எழுப்பினேன்.

இப்போது 270. அதற்கு மேல் அசையவில்லை, இனி அசையவும் அசையாது. போர்டில் இருப்பது இன்டெலின் எச்61 சிப்செட். அதன் நான்கு சாட்டா வாசல்களும் 3 கிகாபிட் வகை. எட்டு பிட் தகவலைப் பத்து பிட்டாக்கி அனுப்பும் ஏற்பாடு என்பதால் 3 கிகாபிட் என்பது கணக்குப்படி 300 மெகாபைட். சில்லறைச் செலவு போக 270, 280. முன்பு இவ்வழியாக யட்டியாந்தோட்டைக்கு ஓடிய ரயிலுக்கு இரண்டரை அடித் தண்டவாளம். எப்பேர்ப்பட்ட எஞ்சினைக் கொண்டுவந்தாலும் அந்த அகலத்துக்குத் தக்கபடிதான் ஓடியிருக்கும். கடைக்காரர் மேல் பழி இல்லை.

மே 13, செவ்வாய்

பையனுக்கு இன்னொரு குறை. அக்கா வீட்டுச் சடங்கு வீடியோவை ஏற்றினால் முதலில் பாய்ந்து ஓடி, பிறகு 60, 70 என்று நொண்டுகிறதாம். இது வேறு கதை, வாசலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலிவான டிஸ்க்குகள் ஒரு செல்லில் மூன்று, நான்கு பிட்டை அடைத்துவைக்கின்றன. அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதனால் கொஞ்ச இடத்தை மட்டும் ஒரு பிட் கணக்கில் வேகமாக நிரப்பி, ஓய்வு கிடைக்கும்போது அடுக்கிக்கொள்ளும். அந்த இடம் தீர்ந்ததும் உண்மையான வேகம் வெளியே வருகிறது.

டிஸ்க் நிறைந்திருந்தால் அந்த இடமும் சுருங்கும். ஃப்ளாஷில் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் அழிப்பது பல பக்கம் சேர்ந்த கட்டையாகத்தான். காலி இடம் குறைந்தால் நல்ல பக்கங்களைத் தூக்கி வேறிடம் வைத்துவிட்டே அழிக்கவேண்டும். 240 கிகாபைட்டில் மிச்சம் 15 இருந்தது. பழைய படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றி 60 ஆக்கினோம். அழித்த இடத்தை டிஸ்க்குக்குச் சொல்லும் 'ட்ரிம்' ஓடுகிறதா என்றும் கட்டளை கொடுத்துக் கேட்டேன். பூச்சியம் என்று பதில் வந்தது. ஓடுகிறது என்று அர்த்தம்.

டிஸ்க்கே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 2014-இல் சாம்சுங்கின் 840 ஈவோ, எழுதி நாளான கோப்புகளைப் படிக்கத் திணறியது; கம்பெனி ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தது.

மே 14, புதன்

அவிசாவளைக்கு வேறு வேலையாகப் போனபோது கடையில் ஒரு சாட்டா கேபிள் மட்டும் வாங்கினேன். காரணம், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி7 எண் பூச்சியம் இல்லை. அது கம்பியில் சேதமாகி வந்த தகவல்களின் கணக்கு. பழைய எண் குறையாது, கூடாமல் இருந்தால் சரி.

பையன் இப்போது என்.வி.எம்.ஈ கேட்கிறான், 3500 ஓடுமாம். இந்தப் போர்டில் அதற்கு வாசலும் இல்லை, அட்டை மூலம் போட்டாலும் இந்தப் பழைய பயோஸ் அதிலிருந்து வின்டோஸை எழுப்பாது. வின்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-உடன் முடிகிறது. 11 இந்த மெஷினை ஏற்காது. போர்ட் மாற்றுகிற பேச்சை அப்போது பேசலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறான். போடட்டும்.