கோளாறு 54

'புரியவில்லை' என்ற குற்றச்சாட்டு புதுக்கவிதையின் பேரில் எழுந்தபோதெல்லாம் நான் கவிதையின் பக்கமே நின்றிருக்கிறேன். அதை மாற்றிக்கொள்ள இன்றும் காரணம் இல்லை. ஆனால் அதே வார்த்தையை ஓர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவன் சொன்னால் நான் அவன் பக்கம். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கவிதை புரியாதவன் புத்தகத்தை மூடிவிட்டுப் போகலாம். இயந்திரம் புரியாதவன் அதை இயக்கியே தீரவேண்டும்; அது அவன் பிழைப்பு.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரம். கம்ப்யூட்டரால் இயங்குவது. கனடா அரசுக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனத்தின் தயாரிப்பு. 1986 மார்ச் 21 அன்று, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து டைலர் நகரில், அதை இயக்கிய பெண் 'இ' அடிக்கவேண்டிய இடத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டு, உடனே மேலே போய்த் திருத்தினாள். சிகிச்சை தொடங்கியதும் திரையில் 'கோளாறு 54' என்று வந்தது. கேட்ட 202 அலகில் 6 மட்டுமே போயிருப்பதாகவும் காட்டியது. 54 என்றால் என்ன என்பதற்குக் கையேட்டில் பதில் இல்லை. இப்படி நின்றுபோவது அந்த இயந்திரத்தில் சகஜம். தொடர ஒரே விசை போதும். அவள் அழுத்தினாள். உள்ளே இருந்தவருக்கு ஏற்கெனவே அளவுக்குப் பல மடங்கு பாய்ந்திருந்தது; மறுபடியும் பாய்ந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

மூலப் பிழை மென்பொருளில்தான். என் அக்கறை அந்த எண்ணைப் பற்றியது. இதே நிறுவனம் உபயோகிப்பவர்கள் சொன்னதை ஒரு விஷயத்தில் கேட்டிருக்கிறது. விவரங்களை இருமுறை பதிவதால் நேரமாகிறது என்றார்கள். ஒரு விசையைத் தட்டிக்கொண்டே போனால் போதும் என்று மாற்றிக் கொடுத்தது. நேரம் கணக்கில் வரும் சரக்கு. ஒரு நாளில் எத்தனை நோயாளிகள் என்று வாங்குகிற ஆஸ்பத்திரிக்குத் தெரியும். ஒரு செய்தி புரிகிறதா என்பதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இயந்திரத்தை வாங்குகிறவர் வேறு, அதன் முன் உட்காருகிறவர் வேறு. வாங்குகிறவர் பார்ப்பது அது என்னென்ன செய்யும் என்ற பட்டியலை. உட்காருகிறவரின் திணறலோ அவருடைய திறமைக் குறைவாகவே கொள்ளப்படுகிறது. அவரும் அப்படியே நம்பி, வெட்கப்பட்டு, வாய்மூடிப் பழகிக்கொள்கிறார். அந்தப் பழக்கம்தான் நிறுவனத்துக்கு லாபம். திமிர் என்று இதைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். கணக்கு வைக்கும் முறையே இப்படி என்பதுதான் விஷயம்.

அளவு மீறிப்போக வழியே இல்லை என்று நிறுவனத்துப் பொறியாளர்கள் சாதித்தார்கள். ஏப்ரல் 11 அன்று அதே ஊரில், அதே பெண் இயக்கியபோது, இன்னொருவருக்கும் இது நேர்ந்தது. பிறகு அவளும் ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணரும் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து 54ஐ வரவழைத்துக் காட்டினார்கள். வேகமாகத் திருத்தினால் வருகிறது. பொறியாளர்கள் அறியாத ஒன்றை அவள் விரல்கள் அறிந்திருந்தன.

நிறுவனம் உடனடியாகச் சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? திருத்துவதற்காக மேலே போகும் விசையின் மூடியைக் கழற்றி, உள்ளே டேப் ஒட்டிவிடச் சொன்னது. 54க்கு அர்த்தம் எழுதுவதைவிட, திருத்தும் வசதியைப் பிடுங்குவது அதற்குச் சுலபமாக இருந்திருக்கிறது.