கார் பருவத்தில் ஒரு கார்

எங்கள் பக்கம் 'கார்' என்றால் முதலில் நெல்தான். ஜூன் மாதம் பாபநாசம் அணை திறந்து, கன்னடியன் கால்வாயில் தண்ணி வந்து, நாற்றுப் பாவினால் அது கார். ஐப்பசி வாக்கில் நடுவது பிசானம். இந்தப் பதிவு அந்தக் காரைப் பற்றியது இல்லை. எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பற்றியது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு வயல் படம் கேட்கிறவர்கள் மன்னிக்கவும். தண்ணி இன்னும் திறக்கவில்லை, வரப்பு காய்ந்து கிடக்கிறது. படம் எடுக்க ஒன்றுமில்லை.

ஹெரால்டைத் தெரியாத பிள்ளைகளுக்காக இரண்டு வரி. இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி செய்த வண்டி. 1961-லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் நம் ஆட்களே கட்டினார்கள். 948 சிசி இன்ஜின். இதே வண்டியின் சேசிஸைக் குறுக்கி, இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி, இரண்டு பேர் உட்காருகிற மாதிரி செய்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒரே ஆள், மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். அதனால் ஸ்பிட்பயருக்கு வருகிற சீக்கெல்லாம் ஹெரால்டுக்கும் வரும். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. அப்பா ஒருதரம் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் வாங்கியே தீர்வது என்று நின்றார். 1974-ல் மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். இரண்டு கதவு வண்டி. முன்பக்க மூடி மொத்தமும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். அந்த வசதிக்காகவே மெக்கானிக்குகள் இந்த வண்டியை வெறுக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு இப்போது 84. பேச்சு குறைந்துவிட்டது. பஸ் ஏற முடியாது, வாடகை வண்டியில் ஏறினால் தலை சுற்றுகிறது என்பார். ஹெரால்டில் மட்டும் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வருவார். மாதத்துக்கு ஒருதரம் பாளையங்கோட்டையில் கண் டாக்டரிடம் போகவேண்டும்.

வண்டி நிற்க ஆரம்பித்தது போன வருஷம். வீட்டில் கிளம்பும்போது சீறிக்கொண்டு போகும். இருபது இருபத்தைந்து நிமிஷம் நன்றாக ஓடும். அப்புறம் வேகம் பிடிக்கும்போது இரண்டு குலுக்கு, மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு இழுப்பு, நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மறுபடி பத்து நிமிஷம். காலையில் வராது, குளிர்காலத்தில் வராது, வெயில் ஏற ஏற வரும்.

இந்த சித்திரையில் பத்தமடைக்குப் பக்கத்தில் நின்றது. மணி பன்னிரண்டு இருக்கும். ரோட்டில் மர நிழல் கிடையாது. அப்பாவைப் பின்னால் வந்த மினி பஸ்காரர் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பாய்க்கடை திண்ணையில் படுக்க வைத்தார். அப்பாவுக்குக் கண் சொருகிவிட்டது. மோர் கொடுத்து, துண்டை நனைத்து நெஞ்சில் போட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் "வீட்டுக்குப் போவமா" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே பெங்களூரிலிருந்து தம்பி போன் செய்தான். "அண்ணே, போதும். அப்பாவ ரோட்டுல போட்டுட்டு அந்த இரும்ப வச்சு என்ன செய்யப் போறோம்? கேக்க ஆள் இருக்கு, குடுத்துருவோம்." கேட்கிற ஆள் சென்னைக்காரர், பழைய வண்டி சேர்க்கிறவர். நிற்கிற நிலைமைக்கு ஒன்றேகால் லட்சம் என்று சொல்லியிருந்தார். ஓடினால் வேறு விலை. தம்பி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நெல் அறுப்புக்கூலியும் உர விலையும் போகிற போக்கில் அந்தப் பணம் எனக்கும் வேண்டும்தான். ஆனால் என்ன சீக்கு என்று தெரியாமல் விற்க மனசு வரவில்லை. மாட்டைக்கூட அப்படி யாரும் விற்பதில்லை.

அதற்குள் ஒரு வருஷத்தில் வண்டியில் என்னென்ன மாற்றியாகிவிட்டது என்றால், இக்னிஷன் காயில், கண்டென்சர், பிளக், கார்பரேட்டர் ரிப்பேர் கிட், பெட்ரோல் பம்புக்கு டயாப்ரம். ஆளுக்கொரு பாகம். பம்பு கிட்டுக்கு ஒருத்தர் சென்னை புதுப்பேட்டை வரை சொல்லிவிட்டு வாங்கினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் நிற்கும். எல்லாரும் கடைசியில் சொன்ன ஒரே வார்த்தை 'வேப்பர் லாக்'. பெட்ரோல் சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்பு தண்ணிக்குப் பதில் காற்றை இழுக்கிற மோட்டார் மாதிரி சும்மா அடித்துக்கொண்டிருக்கும் என்பது அர்த்தம். அம்பாசிடர் காலத்தில் மலை ஏறுகிறவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போவார்கள், பார்த்திருப்பீர்கள். நாங்களும் சுற்றினோம். துணி காய்கிற வரை ஓடியது.

மேலப்பாளையத்தில் ஒரு பாய் இருக்கிறார். அறுபது தாண்டியவர், லேத் பட்டறையோடு சின்ன ஷெட். அவரிடம் கொண்டுபோனேன். நான் எல்லாக் கதையையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பெட்ரோல் பிரஷர் எவ்வளவு வருதுன்னு யாராவது பாத்தாங்களா அண்ணாச்சி?"

யாரும் பார்க்கவில்லை.

இந்த மாதிரி வண்டியில் பம்பு இன்ஜின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கேம் ஷாப்ட் சுற்றும்போது ஒரு கையைத் தட்டும், அது டயாப்ரத்தை இழுக்கும், டிக்கியில் இருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போது கார்பரேட்டருக்குப் போகும். அந்தத் தள்ளு வெறும் ஒன்றரையிலிருந்து இரண்டரை பவுண்டு. சைக்கிள் டியூப்பில் இருப்பதில் கால்வாசி கூட இல்லை. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் பம்பு டேங்குக்குள்ளேயே மூழ்கி உட்கார்ந்து நாற்பது பவுண்டுக்கு மேல் தள்ளும். அவை தள்ளுகிற ஜாதி, நம்முடையது உறிஞ்சுகிற ஜாதி. உறிஞ்சுகிற குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். வெயில் நாளில் பழைய வண்டிகள் நிற்பதற்கு அடிப்படை இதுதான்.

பாய் ஒரு பழைய மீட்டரை எடுத்தார். ஒரு பக்கம் வேக்குவம் அளக்கும், மறுபக்கம் பத்து பவுண்டு வரை பிரஷர் காட்டும். பம்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே டி வைத்து மாட்டினார். ஷெட்டில் ஓடவிட்டால் முள் இரண்டில் நின்றது, கல்லு மாதிரி. "பம்பு நல்ல பம்பு" என்றார். "ஆனா இங்க நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்." நீளமான குழாய் போட்டு, மீட்டரை முன்கண்ணாடிக்கு வெளியே தெரிகிற மாதிரி கட்டினார். பெட்ரோல் வருகிற மீட்டரை வண்டிக்குள்ளே வைக்கக் கூடாது, ஒழுகினால் மடியில் ஊற்றும்.

மத்தியானம் ஒரு மணிக்கு, நல்ல வெயிலில், முன்னீர்பள்ளம் தாண்டி கோபாலசமுத்திரம் வரை போனோம். முள் இரண்டு. ஒன்றேமுக்கால். ஒன்றரை. வேகம் பிடிக்க மிதித்தேன். ஒன்று, அரை, குலுக்கு, நின்றது. ஒரு வருஷமாக என்னை ஏமாற்றிய சீக்கு கண்ணுக்கு முன்னால் முள்ளாக இறங்கியதைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. பாய் இறங்கி ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்த்தார். நீல ஸ்பார்க். மின்சாரக் கோளாறு இல்லை. பம்பு மேலே இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார், பாதி காலி, மீதி நுரை. டேங்க் மூடியைத் திறந்தார். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் 'உஸ்' என்று இழுக்கும், இழுக்கவில்லை.

இதற்கு அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இது எங்கள் வேலை. கடைமடைக்குத் தண்ணி வரவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? நடுவில் ஒரு மடையில் போய் நின்று பார்ப்போம். அங்கே தண்ணி இருந்தால் கோளாறு கீழே, இல்லையென்றால் மேலே. பாய் ஒரு சின்ன கேனில் பெட்ரோல் ஊற்றி பம்புக்குப் பக்கத்திலேயே கட்டி, டேங்க் குழாயைக் கழற்றி, பம்பு கேனிலிருந்து உறிஞ்சும்படி விட்டார். (வீட்டில் யாரும் செய்து பார்க்கவேண்டாம், அவர் தீயணைப்பு சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு செய்தார்.) அதே வெயில், அதே ரோடு, சேரன்மகாதேவி வரை போய்த் திரும்பினோம். நிற்கவே இல்லை. ஆக கார்பரேட்டர், பம்பு, இன்ஜின் சூடு, எதுவும் குற்றவாளி இல்லை. டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான் அடைப்பு.

அடைப்பு என்றால் ஊதிப் பார்க்கவேண்டும். சைக்கிள் பம்பால் குழாயில் ஊதினார். டேங்கில் குளுகுளு என்று சத்தம் கேட்டது. சுத்தம். இரண்டு தடவை ஊதினார், இரண்டு தடவையும் சுத்தம். பாய் பீடி எடுத்தார், பெட்ரோல் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் ஆயில் இன்ஜின் ஞாபகம் வந்தது. ஆற்றங்கரையில் தண்ணி இறைக்கிறவர்களுக்குத் தெரியும். டெலிவரி ஹோஸ் எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும் பரவாயில்லை, தண்ணி உள்ளே இருந்து தள்ளும், ஹோஸ் விரிந்து கொடுக்கும். சக்‌ஷன் ஹோஸ் மட்டும் கம்பி சுற்றியதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் இழுக்க இழுக்க வயிறு ஒட்டிப்போய் மூடிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தினால் ஹோஸ் மறுபடி உருண்டையாகிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"பாய், ஊதுனாத் தெரியாது. உறிஞ்சிப் பாக்கணும்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சேசிஸ் ஓரமாக வருகிற இரும்புக் குழாயையும் பம்பையும் சேர்ப்பதற்கு ஒரு சாண் ரப்பர் குழாய் உண்டு. இன்ஜினுக்குப் பக்கம், நல்ல சூட்டில் இருக்கும். அதற்கும் பம்புக்கும் நடுவே மீட்டரின் வேக்குவம் பக்கத்தை மாட்டி மறுபடி போனோம். சூடு ஏற ஏற இழுவை ஏறிக்கொண்டே போனது, முள் ஏறி முடிந்த இடத்தில் வண்டி நின்றது. குழாயைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் கிழித்தார். வெளியே புத்தம் புதுசு, மூன்று வருஷத்துக்கு முன்னால் மாற்றியது. உள்ளே ரப்பர் ஊறி உப்பி, ஒரு அடுக்கு பெயர்ந்து நாக்கு மாதிரி தொங்கியது. ஊதினால் நாக்கு படுத்துக்கொள்ளும், உறிஞ்சினால் எழுந்து அடைக்கும். கால் மணி நேரம் விட்டால் இழுவை அடங்கி நாக்கு தளர்ந்துவிடும். வேப்பர் லாக் என்று சொன்னவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அடைப்புக்கு இந்தப் பக்கம் அழுத்தம் விழுந்து பெட்ரோல் கொதித்ததால்தான் அந்த நுரை. கொதித்தது ஏன் என்று யாரும் ஒரு படி மேலே போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ரப்பர் ஏன் ஊறியது? பங்க்கில் இப்போது வருவது முழுப் பெட்ரோல் இல்லை. 2023-ல் தொடங்கி படிப்படியாக 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது. கரும்பிலிருந்து, மக்காச்சோளத்திலிருந்து, அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள். பழைய காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது, ஊறி உப்பும். எத்தனால் தண்ணியையும் இழுத்து வைத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் துருப்பிடிக்கும். சங்கரன்கோவில் பக்கம் மக்காச்சோளம் போடுகிற நண்பரிடம் இதைச் சொன்னேன். "எங்க சோளம் ஒங்க கார நிறுத்திருச்சுன்னு சொல்லும்" என்று சிரித்தார். எத்தனாலால் அவருக்கு விலை கிடைத்தால் எனக்கு வருத்தமில்லை. குழாய் விற்கிறவன் அதற்குத் தகுந்த குழாயைத் தரவேண்டும், அதுதான் என் கோபம்.

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் கடையில் 'பெட்ரோல் ஹோஸ்' என்று மட்டும் கேட்காதீர்கள். மேலே ஆர் 9 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு என்று கேட்டால் கிடைக்கும். விலை கூடத்தான். எனக்கு ஒரு சாணுக்கு ஆன செலவு இருநூறு ரூபாய்க்குள். அதற்கு முன்னால் ஒரு வருஷத்தில் போனதை நான் கூட்டிப் பார்க்கவில்லை.

புதுக் குழாய் போட்டு, அக்னி நட்சத்திரத்தின் கடைசி வாரத்தில், அப்பா இல்லாமல் நான் மட்டும் நாலு தடவை மத்தியானத்தில் அம்பாசமுத்திரம் போய் வந்தேன். முள் இரண்டை விட்டு இறங்கவில்லை. தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிண்ணே. ஆனா பத்து மணிக்கு மேல அப்பாவ அதுல ஏத்தக் கூடாது. பிசானம் அறுத்ததும் மறுபடி பேசுவோம்" என்றான். ஒத்துக்கொண்டேன். சென்னைக்காரரிடமும் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். ஓடுகிற வண்டி என்றதும் இரண்டு லட்சத்துக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை, தை மாதம் கூப்பிடுங்கள் என்றேன்.

அப்பாவிடம் கிழித்த குழாயைக் காட்டினேன். விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "நம்ம பம்புசெட்டுல வந்த சீக்குல்லா இது" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாபநாசம் போனோம். படித்துறையில் கால் நனைத்துவிட்டு எட்டரைக்குள் வீடு வந்தாயிற்று.

இப்போது டிக்கியில் ஒரு மீட்டர் குழாய், நாலு கிளிப், ஒரு ஸ்குரூ டிரைவர், ஐந்து லிட்டர் தண்ணி கிடக்கிறது. பாயின் மீட்டரை விலைக்குக் கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டார்.