சக்கரம் நிற்கும் இடம்: செஞ்சிக் கோட்டைக்குக் குழந்தையோடு

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வரும்போது வல்லம் வட்டாரத்தின் நெல் வயல்களும் மல்லாட்டைக் கொல்லைகளும் கூடவே வரும். அவை முடிகிற இடத்தில், யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் பாறை மேல் பாறையாக மூன்று குன்றுகள் எழுந்து நிற்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் மதிலால் இணைத்த கோட்டைதான் செஞ்சி.

மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

டிசம்பர், ஜனவரிதான் இங்கே வர ஏற்ற பருவம். வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்கு வருவதும் அப்போதுதான். காரின் பின்பக்கத்தைத் திறந்தால் முதலில் இறங்குவது குழந்தையின் ஸ்ட்ரோலர். கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம் வரைக்கும் அது பெரிய தொந்தரவில்லாமல் உருளும். ராஜகிரியின் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். அப்புறம் யார் கீழே இருப்பது, யார் மேலே போவது என்று ஒரு பேச்சு நடக்கும். பெரும்பாலும் அம்மாதான் கீழே இருந்துவிடுகிறார்.

ஸ்ட்ரோலர் நின்றுபோவது அந்தக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. டொரண்டோவிலோ மாண்ட்ரியலிலோ பனி கொட்டிய மறுநாள் காலையிலும் இதே கதைதான். சின்னச் சக்கரம் பனியில் புதையும். தள்ளத் தள்ள முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி மண்வெட்டிபோலப் பனியை வாரும். அங்கே அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இருக்கையை அப்படியே விட்டுவிட்டு, அடியில் மட்டும் மாற்றுகிறார்கள். சக்கரங்களுக்குக் கீழே முனை வளைந்த ஸ்கீ பலகைகளைப் பொருத்தினால் தள்ளுவண்டி சறுக்குவண்டி ஆகிவிடும்.

இதற்கென்றே செய்த பலகைகள் கடையில் கிடைக்கின்றன. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்கீயை மாட்டி, இடுப்புப் பட்டையில் இணைத்து இழுக்கும் வண்டிகளும் உண்டு. பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பழைய ஸ்கீயை அறுத்து வீட்டிலேயே பொருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சூட்சுமம் எளிது. எடை அதேதான்; அது அகலமான பரப்பில் பரவுவதால் பனி தாங்கிக்கொள்கிறது.

வல்லத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். நடவுக்கு முன்னால் சேற்று வயலைச் சமப்படுத்த மாட்டின் பின்னால் இழுக்கும் பரம்புப் பலகை இதே வேலையைத்தான் செய்கிறது. வண்டிச் சக்கரம் புதைந்துபோகும் சேற்றில் பலகை வழுக்கிக்கொண்டு போகும். பாரத்துக்காக அதன்மேல் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி விடுவார்கள். பிள்ளைகளுக்கு அது சவாரி. டிராக்டர் வந்தபின் அந்தச் சவாரி அபூர்வமாகிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள், முகம் மலரும்.

ஆனால் சேறும் பனியும் வழுக்கிவிடும், கல் வழுக்கிவிடாது. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். படிகள் ஒரே அளவில் இல்லை. சில முழங்கால் உயரம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்திருக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாராலும் நெருங்க முடியாது. உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு எல்லாம் இருக்கின்றன. அத்தனை கல்லும் நெல்லும் இந்த வழியாகத்தான் மேலே போயிருக்க வேண்டும் என்று நினைத்தாலே மூச்சு வாங்கும்.

குழந்தைகளும் போயிருக்கிறார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம், மொகலாயர் கைக்குத் தப்பி இங்கே வந்து, 1690 முதல் ஏழு ஆண்டுகளுக்கு மேல் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். 1698 தொடக்கத்தில் சுல்பிகர் கான் கோட்டையைப் பிடிப்பதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார். அவருடைய மனைவியரும் குழந்தைகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் இது ஒரு வரி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் படிகளைப் பார்க்கிற தாய்க்கு அது ஒரு வரியாகத் தெரியாது.

சரி, இன்று குழந்தையோடு எப்படி ஏறுவது? ஸ்ட்ரோலரைக் காரிலேயே பூட்டிவிடுங்கள். வெளியே விட்டால் குரங்குகள் பையைக் குடைந்துவிடும். துணையில்லாமல் தானாக உட்காரும் குழந்தையென்றால் முதுகில் மாட்டும் பை நல்லது. கை இரண்டும் பாறையைப் பிடிக்க வேண்டியிருக்கும். தோளில் தூக்கி உட்கார வைப்பது வேண்டாம், வாயில்களின் மேற்கல் தலையில் இடிக்கலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் பாதி தூரம் தாங்களாகவே ஏறிவிடுவார்கள். மீதியை நினைத்து அப்பாக்கள் பலத்தை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டிக்கு மூட்டு வலி என்றால் கல்யாண மகால் நிழலே போதும், அதுவே ஒரு அழகு.

ஒன்பது மணிக்கு முன்னால் ஏறத் தொடங்கினால் பாறை சூடேறுவதற்குள் மேலே போய்விடலாம். பிற்பகலில் தாமதமாக வந்தால் மேலே விடமாட்டார்கள். தண்ணீரைக் கீழிருந்தே எடுத்துப் போங்கள்.

கவனம் வேண்டியது இறங்கும்போதுதான். பனிவண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தால் சரிவில் அது இழுப்பவரின் குதிகாலிலேயே வந்து மோதும். அதனால்தான் அங்கே கயிற்றுக்குப் பதிலாக விறைப்பான கம்பியைப் பொருத்துகிறார்கள். முதுகில் இருக்கிற குழந்தையும் அப்படித்தான், இறக்கத்தில் தூங்கிச் சாய்ந்தால் நம்மை முன்னே தள்ளும். பையின் பட்டையை இறுக்கிக்கொண்டு, உயரமான படிகளில் பக்கவாட்டில் காலை வைத்து இறங்குங்கள். கூட வருபவர் ஒரு படி முன்னால் இறங்கட்டும்.