திருக்காவலூர் தந்த எழுத்தும் கதையும்

தஞ்சையிலிருந்து வடக்கே செல்லும் சாலை ஆறுகளின் சாலையாகும். திருவையாற்றில் காவிரியைக் கடந்து, அகன்ற கொள்ளிடத்தையும் கடந்து திருமானூரை அடைந்தால், ஏலாக்குறிச்சி தொலைவில் இல்லை. அரியலூர் மாவட்டத்தில், குடந்தை மறைமாவட்டத்தில் அடங்கிய இச்சிற்றூருக்குத் திருக்காவலூர் என்னும் இனிய பெயரைச் சூட்டியவர் வீரமாமுனிவர். அடைக்கல அன்னையின் திருவடி நாடி இங்கு வரும் குடும்பங்கள் பல. பிள்ளைகளோடு வரும் பெற்றோர், செபமாலையோடும் மெழுகுவர்த்தியோடும் ஒரு கதையையும் கொண்டுவரலாம் என்பதே நாம் கூற விழைவது.

புனித ஞானப்பிரகாசியார் பிறந்த இத்தாலியக் காஸ்திலியோனே நகரிலேயே, 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் பெஸ்கி. இயேசு சபைத் துறவியாகி, 1710இல் கோவாவில் கரையிறங்கி, மறு ஆண்டு தமிழகம் வந்தார். வளர்ந்த வயதில் வந்த அவர், நம் மொழியின் ஒவ்வோர் ஒலியையும் குழந்தையைப்போல் காதால் கேட்டு, நாவால் பழகிக் கற்க வேண்டியிருந்தது. 1726இல் தேம்பாவணியையும், 1732இல் சதுரகராதியையும் தந்த பெரும் புலமை அவ்விதம் தொடங்கியதே.

அக்காலத்து ஓலைச்சுவடிகளில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது பழைய இலக்கணம். ஆனால் ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதினர். ஆகவே குறிலும் நெடிலும் ஒரே வடிவாயின. ‘தென்’ என்பதா, ‘தேன்’ என்பதா? ‘கொடி’யா, ‘கோடி’யா? இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். கற்றோர் ஊகித்துக்கொள்வர், கற்கத் தொடங்குவோர் என்செய்வர்? முனிவர் நெடிலுக்குத் தனி அடையாளம் வகுத்தார். ஒற்றைக் கொம்பு குறிலுக்கு, மேலே சுழித்த இரட்டைக் கொம்பு நெடிலுக்கு என்றாயிற்று. இன்று நம் பிள்ளைகள் எழுதும் ‘ஏ’யும் ‘ஓ’வும் அச்சீர்திருத்தத்தின் பயனே. காதுக்குத் தெரிந்த வேறுபாடு கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

அவரே நமக்குப் பரமார்த்த குருவின் கதையையும் அளித்தார். 1822இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். குருவுக்குச் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். மிலேச்சன் என்றால் அந்நியன். அந்நிய நாட்டிலிருந்து வந்தவரே தம் கதையின் மூடருள் ஒருவனுக்கு அப்பெயரை இட்டது நினைந்து புன்னகைக்கத்தக்கது.

ஆற்றங்கரைக்கு வந்த அவர்கள், ஆறு விழித்திருக்கிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறார்கள். ‘சுர்’ரென்று சீறிப் புகைகிறது, ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஓடுகிறார்கள். பின்னர் அதே அவிந்த கட்டையை வைக்க, ஓசையில்லை. உறங்கிவிட்டது என்று கடக்கிறார்கள். அக்கரையில் எண்ணிப் பார்த்தால் ஐவர்தாம்! எண்ணியவன் தன்னை எண்ணவில்லை. ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று அழுது புலம்புகிறார்கள்.

கொள்ளிடக் கரையில் அமர்ந்து இக்கதையைச் சொல்லிப் பாருங்கள். முதல்முறை எதையும் கற்பிக்காமல், சிரிக்கச் சிரிக்க முழுவதும் சொல்லுங்கள். மறுமுறை கொள்ளிக்கட்டை வரும்போது நிறுத்துங்கள். பிள்ளையே ‘சுர்’ என்று ஒலிக்கட்டும். பிறகு சீடர்களின் பெயர்களைச் சொல்லி, எத்தனை பெயர்கள் இதழ் மூடும் ‘ம்’ ஒலியில் தொடங்குகின்றன என்று கேளுங்கள். நான்கு! ஆனால் மட்டியில் ‘ம’, மிலேச்சனில் ‘மி’, மூடனில் ‘மூ’. மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய்யாகும் விதியை நான்கு மூடர்களே கற்பித்துவிடுகிறார்கள். ‘மட்டி’யில் டகரம் இரட்டித்து வல்லென்று ஒலிக்கிறது, ‘மடைய’னிலும் ‘மூட’னிலும் அதே எழுத்து மெலிந்து ஒலிக்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்பதைப் பிள்ளையின் செவி தானே கண்டுகொள்ளும். இறுதியில் ‘பேதை’யையும் ‘மிலேச்ச’னையும் மணலில் எழுதி, இரட்டைக் கொம்பைக் காட்டி, ‘இவ்வூரில் வாழ்ந்த சாமியார் தந்த கொம்பு இது’ என்று சொல்லுங்கள். அப்பிள்ளை அதை எளிதில் மறவாது.

அடுத்து, கதையைப் பிள்ளை தன் சொற்களில் சொல்லட்டும். வரிசை தவறினாலும், ஆறாவது சீடன் ஒருவனைப் புதிதாகச் சேர்த்தாலும் தடுக்க வேண்டாம். கேட்ட கதையைத் தானே கோத்துச் சொல்லும் பிள்ளைக்குப் பின்னாளில் படித்ததன் பொருளும் பிடிபடும். ஒரே ஓர் எச்சரிக்கை: கதையிலுள்ள பெயர்களைக் கொண்டு பிள்ளையை ஒருபோதும் ஏசலாகாது.

இதை ஏன் வலியுறுத்துகிறோம்? ‘ஆனா, ஆவன்னா’ என்று எழுத்துகளின் பெயர்களைத் தடையின்றி ஒப்பித்தும், ஒரு சிறு சொல்லைக் கூட்டிப் படிக்க இயலாமல் தலைகுனியும் பிள்ளைகள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்கள் மந்தபுத்தியினர் அல்லர். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதை எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை; அவ்வளவே. சோம்பல் என்று கடிந்தால் அப்பிள்ளை புத்தகத்தையே வெறுத்துவிடும். மறைக்கல்வி வகுப்பில் நற்செய்தி வாசிக்க அழைத்தால் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளும். இழப்பு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை.

பள்ளி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், தனி வகுப்பு இருக்கிறது, கைப்பேசியிலும் கதை இருக்கிறது என்று பெற்றோர் எண்ணிக் கணக்கிடுகிறோம். கணக்கில் ஒருவர் குறைகிறார். பரமார்த்த குருவின் சீடர்களைப் போல், எண்ணுகிற நாம் நம்மையே எண்ண மறந்துவிடுகிறோம். இரவு உணவுக்கும் குடும்பச் செபத்துக்கும் இடையே கால் மணி நேரம் போதும். அடைக்கல அன்னை நம் இல்லங்களுக்கு அந்தக் கால் மணி நேரத்தைப் பெற்றுத் தருவாராக.